கித்தார் பெட்டிக்குள் சயனைடு மேடு

ரேடியோ ரிப்பேர் கடைக்கு வருகிற எவரும் தன் ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று சொல்லமாட்டார். "நேத்து வரைக்கும் நல்லா பாடிகினு இருந்துச்சே" என்பார், ஏதோ நான்தான் முந்தின நாள் அவர் வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கி அதைக் கெடுத்துவிட்டு வந்த மாதிரி. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீஃப்ஸ் பஜாரில் எனக்கு ஒற்றை அறைக் கடை. தொழிலை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஓர் இங்கிலீஷ் ரேடியோ புத்தகத்தையும் ஓர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஷாக் அடிக்க அடிக்கக் கற்றுக்கொண்டேன். அதிகம் பேசமாட்டேன். பேசாதவனுக்குக் கோபமும் வராது என்று ஊரில் ஓர் எண்ணம். சால்டரிங் அயர்ன்கூட மேஜைமேல் சும்மா கிடக்கிற மாதிரிதான் இருக்கும், தொட்டுப் பார்க்கிற வரைக்கும். அறுபதுகளின் கடைசியில் ஒரு கித்தாருக்காக நான் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் கதை இது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மூன்றாவது ரேடியோ

முனிரத்தினம் நந்திதுர்க் மைனில் அண்டர்கிரவுண்டு ஆள். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கி, சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெரிக் என்ற ஆங்கிலோ இந்தியர் நடத்திய பாண்டில் பேஸ் கித்தார் வாசிப்பான். நாலே நாலு தடித்த கம்பி, வயிற்றில் வந்து முட்டுகிற மாதிரி கீழ்ச் சத்தம். வீட்டில் பழகும்போது அந்தக் கித்தாரின் ஒயரை அக்கம்பக்கத்தாரின் ரேடியோவில் செருகிவிடுவான். ஒரு மாதத்தில் மூன்று வீட்டு ரேடியோக்கள், மூன்றிலும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து என்னிடம் வந்தன. மூன்றாவதை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். "நியூஸ் கேக்கற சாமான்ல எருமைமாட்டக் கட்டுனா தாங்குமாடா?" என்று கத்திவிட்டேன்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இருமி முடித்தான். பிறகு சொன்னான். நெஞ்சுக்குள் கல்தூசி படிந்திருக்கிறது, இனி கீழே இறங்கக்கூடாது, மேல்வேலை கொடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதி இரண்டு வருஷம் ஆகிறதாம். மேலே காலியிடம் இல்லை என்று ஆபீசில் இரண்டு வருஷமாகச் சொல்கிறார்களாம். இப்போது பெங்களூரில் ஒரு ஹோட்டல், சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் வாசிக்க டெரிக்கின் பாண்டைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு ஞாயிறு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் முனிரத்தினம் மைனுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். ஆனால் கடைசி டேபிள் வரைக்கும் கித்தார் கேட்கிற மாதிரி ஒரு பெட்டி அவனிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால், சொந்தமாகப் பெட்டி வைத்திருக்கிற பெங்களூர்க்காரன் ஒருவனைச் சேர்த்துக்கொள்வதாக டெரிக் சொல்லிவிட்டாராம். ஆறு வாரம் இருந்தது. நான் செய்கிறேன் என்றேன். அவன் எழுந்துகொண்டே சொன்னான்: "கீழ லெவல்ல நின்னு நான் இருமுனா மேல கேஜ் இழுக்கறவனுக்குக் கேக்குதுண்ணா. இந்தக் கித்தாரு பக்கத்து டேபிளுக்கே கேக்கமாட்டேங்குது."

ஊரை அழவைத்தது

பெங்களூர் பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் இப்படியொரு பெட்டிக்குப் படம் போட்டிருந்தது. எழுதியவர் மகா உத்தமர். "உங்கள் அருகிலுள்ள கடையில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என் அருகிலுள்ள கடைகள் இரண்டு. ஒன்றில் அரிசி, இன்னொன்றில் ஜவுளி. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கீழ்ச் சத்தம் வரும்போது பெட்டியின் மரமும் சேர்ந்து அதிர்ந்து தன் பங்குக்கு உளறுமாம். அதைத் தடுக்கப் பலகையை இரண்டு அடுக்காகச் செய்து, நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதில் நைசான உலர்ந்த மணலை நிரப்ப வேண்டுமாம். மணல் உட்கார்ந்து மரத்தின் வாயை அடைத்துவிடும். உளறுகிறவர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயத்துக்கு இது மிகவும் ஒத்துப்போனது.

ஸ்பீக்கருக்காகப் பங்காருப்பேட்டை பக்கம் மூடிக்கிடந்த ஒரு டூரிங் டாக்கீஸுக்குப் போனேன். முதலாளி நாயுடு ஒன்றைக் காட்டினார். காயில் என்கிற கம்பிச்சுருள் எரிந்து, கூம்பை எலி தின்று, சட்டமும் காந்தமும்தான் மிச்சம். "இது செத்துப்போச்சு நாயுடுகாரு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அதைவிட அதிகமாக வந்தது, ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்தவன் நான். கடைசியில் அவர் வீட்டு ரேடியோவை அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்த பிறகுதான் ஸ்பீக்கரைத் தந்தார். அதையும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி தடவித் தடவிப் பார்த்துத் தந்தார்: "மரியாதையா வெச்சுக்கோங்க சார். சாதாரண ஸ்பீக்கரு இல்ல இது, பதினஞ்சு வருஷம் ஊரையே அழவெச்ச ஸ்பீக்கரு."

மூக்கு வைத்த பெட்டி

புதுக் காகிதக் கூம்பு மட்டும் பெங்களூரிலிருந்து வரவழைத்துவிட்டு, காயிலை நானே சுற்றினேன். டிராயிங் பேப்பரைக் குழாயாக உருட்டி, மயிர் போன்ற கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றவேண்டும். மறுமுனையை என் மனைவி கமலா இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பெட்டி வேலையைக் கோவிந்தன் ஆசாரியிடம் கொடுத்தேன். கட்டில், கதவு, கிறிஸ்தவர்களுக்குச் சவப்பெட்டி என்று எல்லாம் செய்கிறவர், கை சுத்தம். பழுப்புக் காகிதத்தில் அளவோடு படம் வரைந்து கொடுத்தேன். "காத்து போகக்கூடாது, ஊசிமுனை சந்துகூட இருக்கக்கூடாது" என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. இழைத்த அழகில் முகம் பார்க்கலாம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு அடுக்குப் பலகையையும் துளைத்துப் பன்னிரண்டு ஓட்டைகள், தாமரைப்பூ மாதிரி வட்டமாக. அவர் பார்த்த ரேடியோப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓட்டை இருந்ததாம். எனக்குத் தெரியாமல் விட்டுப்போயிற்று என்று இரக்கப்பட்டுத் தானாகவே போட்டுவிட்டாராம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை தையல் மிஷின் நின்றது. ஆசாரி அசையவில்லை. அந்த ஓட்டைகளை வட்டமாக வெட்டிய பலகைத் துண்டுகளால் நானே வஜ்ஜிரப் பசை போட்டு ஒவ்வொன்றாக அடைத்தேன். ஒட்டுவேலை எனக்குக் கைவராது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னது இது: "காத்து போக வழியில்லாம பொட்டி செய்யறது செத்தவனுக்குத்தான் சார். பாடற பொட்டிக்கு மூக்கு வேணாவா?"

சல்லடை

அடுத்தது மணல். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. கட்டட வேலைக்கு லாரியில் வருகிற மணல் ஈரமும் கல்லுமாக இருக்கும். பத்திரிகைக்காரர் கேட்டதோ மாவு மாதிரி உலர்ந்த மணல். அது வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே மலையாகக் கிடந்தது. மைனில் பாறையை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டுகிற சாம்பல் நிறச் சக்கை மண். சயனைடு மேடு என்போம். காற்றுக்காலத்தில் அந்த மண் சோற்றில் விழும், கண்ணில் விழும், என் கடைக் கண்ணாடியில் படியும். தினமும் துடைத்துத் தெருவில் கொட்டுகிற சாமான். நானும் முனிரத்தினமும் பட்டப்பகலில் போய் இரண்டு மூட்டை அள்ளிக்கொண்டு வந்தோம். எதிரில் வந்தவர்கள் "இன்னாண்ணா, வீடு கட்டறீங்களா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

சலிப்பதற்குக் கமலாவின் மாவுச் சல்லடையை எடுத்தேன். சொல்லாமல் எடுத்தது தப்பு. அவள் கடைத்தெருவிலிருந்து வந்தபோது கூடம் முழுக்கச் சாம்பல் மூட்டம், நடுவில் நானும் முனிரத்தினமும் இமை வரைக்கும் நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அவன் இருமிக்கொண்டிருந்தான். தூசி ஆகாதவனை வைத்துத் தூசி சலிக்கிறோமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள்தான் அவனை முதலில் வெளியே துரத்தினாள். கமலா போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சல்லடை என்னிடம் இருக்கிறது, கம்பிக் கண்களில் இன்னும் அந்த மண்ணோடு. அன்றைக்கு அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "அரிசியில மண்ணைப் பொறுக்கி வெளிய கொட்டறது நானு, மூட்டை கட்டி உள்ள கொண்டாறது நீங்க. நல்லா கீது நம்ம குடித்தனம்!"

சோதனை

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போக வேண்டும். முந்தின நாள் மத்தியானம் நாலு மணிக்கு எல்லாம் தயார். பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. நான் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன். முனிரத்தினம் தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் மீட்டினான். பெட்டி உளறவே இல்லை. சத்தம் தரைவழியாகப் போயிற்று. எங்கள் வீட்டுத் தட்டுகள் அதிர்ந்தன, தகரக் கூரை அதிர்ந்தது, பக்கத்து வீட்டுக் கூரையும் அதன் பக்கத்து வீட்டுக் கூரையும் அதிர்ந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இன்னொரு தரம் அடி என்றேன்.

எங்கள் ஊரில் தட்டு அதிர்ந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பிறந்த இரண்டு பேருக்கும் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. கீழே பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே இப்படித்தான் வீடு ஆடும். ராக்பர்ஸ்ட் என்போம். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் சுரங்கக் குழிவாயான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள், கேஜில் யார் நடந்து வருகிறார்கள், யாரைத் தூக்கி வருகிறார்கள் என்று பார்க்க. நான் வாசலுக்கு வந்தபோது லைனே காலி. இரண்டாம் ஷிஃப்டில் புருஷனைக் கீழே அனுப்பியிருந்த எதிர்வீட்டுப் புஷ்பா, செருப்பில்லாமல் ஷாஃப்ட் வாசல் வரைக்கும் ஓடியிருக்கிறாள். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். திரும்பி வந்தவள் நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். காலில் ரத்தம். கித்தாரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். முனிரத்தினம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவள் அவனைப் பார்த்துச் சொன்னது என்னையும் சேர்த்துத்தான்: "நீயும் கீழ எறங்கறவன்தானேய்யா? இந்தச் சத்தம் வந்தா நாங்க பாட்டுன்னா நெனைப்போம்? எத்தினி பேருன்னுதான் நெனைப்போம்!"

செக்போஸ்டில் நான் எடுத்த பாடம்

ஞாயிறு காலை ஒரு வேனில் டெரிக், அவருடைய ஆட்கள், முனிரத்தினம், நான், பெட்டி. தங்கம் கடத்துகிறார்களா என்று, ஊரைவிட்டு வெளியே போகிற எதையும் செக்போஸ்டில் நிறுத்திப் பார்க்கிற காலம் அது. சோற்றுத் தூக்கைக்கூடத் திறக்கச் சொல்வார்கள். எங்களுக்குப் பயமில்லை, பெட்டிக்குள் ஸ்பீக்கர்தானே. ஆனால் ரோட்டுக் குழிகளில் வேன் குதித்த குதியில் என் ஒட்டுத்துண்டு ஒன்று கழன்றிருந்தது. ஆசாரி வைத்த மூக்கு வழியாகச் சாம்பல் மண் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. காவல்காரர் விரலால் தொட்டு, உள்ளங்கையில் பரப்பி, வெயிலில் காட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, மேட்டு மண்ணா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சக்கை மண்ணிலும் தங்கம் துளி மிச்சமிருக்கிறது, அது கம்பெனி சொத்து, அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோனால் திருட்டு. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தினமும் கண்ணாடியிலிருந்து துடைத்துப்போடுகிற அழுக்குதான் அந்தச் சொத்து என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"யார் எடுத்தது? ஒரு பேரு சொல்லுங்க, எழுதணும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். வாழ்நாளெல்லாம் பேசாதவன் அன்றைக்குப் பேசினேன். மரம் அதிர்ந்தால் உளறும், மணல் அதை அடக்கும், அதற்கு இவ்வளவு நைசாக வேண்டும் என்று பாடம் எடுத்தேன். பத்திரிகையைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். டெரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டாவது படத்துக்குப் போவதற்குள் முனிரத்தினம் முன்னால் வந்து, "நான்தான் சார். எழுதிக்குங்க" என்று சொல்லித் தன் மைன் டோக்கன் நம்பரையும் கொடுத்துவிட்டான். "இல்ல சார், நானும்தான்" என்றேன். காவல்காரருக்கு மைன் ஆள் ஒருவன் கிடைத்தாயிற்று, கடைக்காரன் தேவைப்படவில்லை. பெட்டியை இறக்கிக் கடப்பாரையால் பின்பலகையைப் பெயர்த்து மண்ணைத் தரையில் கொட்டினார்கள். நேரமாகிவிட்டது என்று வேன் கிளம்பிப் போயிற்று. முனிரத்தினம் பெஞ்சில் உட்கார்ந்து அது போவதைப் பார்த்தான். அவனை நான் கெஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த காவல்காரர், என் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "இவ்ளோ இங்கிலீஷ் படிச்சிருக்கியே சாமி, 'நான்'னு ஒரு வார்த்தை மொதல்ல வரலையா உனக்கு?"

காலியிடம்

ஹோட்டலில் டெரிக்குக்கு வேலை கிடைத்தது, பெங்களூர்க்காரனைச் சேர்த்துக்கொண்டார். முனிரத்தினத்தின்மேல் விசாரணை. நான் இரண்டு தரம் மேலாபீசுக்குப் போய், மண் அள்ளியது என் யோசனை என்று மனு எழுதிக் கொடுத்தேன். வெளியாள் மனுவை வாங்க இடமில்லை என்று இரண்டு தரமும் கிளார்க் திருப்பித் தந்தார். பிறகு ஆர்டர் வந்தது. கம்பெனி மண்ணோடு பிடிபட்டவனைத் தங்கம் இருக்கிற இடத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே இனி அண்டர்கிரவுண்டு கிடையாது, அதற்கான படியும் கிடையாது. மேலே மரக்கிடங்கில் பகல் ஷிஃப்ட். சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. அந்த ஆர்டரை எடுத்துக்கொண்டு மூன்றாம் தரமாக மேலாபீசுக்குப் போனேன். இரண்டு வருஷமாக மேலே இல்லாத காலியிடம் ஒரே வாரத்தில் எங்கிருந்து முளைத்தது? நெஞ்சில் கல்தூசி இருந்தபோது இல்லாத இடம், பேரில் அழுக்கு விழுந்தவுடன் வந்துவிட்டதா? கிளார்க்கிடம் இதைக் கேட்டேன். அந்தத் தடவை சரியான நேரத்தில்தான் கேட்டேன். அவர் ஃபைலைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. செக்போஸ்டில் அதைக் கவிழ்த்துப்போட்டு மேஜையாக வைத்துக்கொண்டிருந்தார்களாம், மேலே மைக்கறையும் டீ டம்ளர் வட்டங்களும். லாரி மணலை வெயிலில் காயவைத்துச் சலித்து நிரப்பினேன், வேறு சல்லடையில். அடுத்த ஞாயிறு முனிரத்தினம் வந்தான். கித்தாரை எடுப்பதற்கு முன்னால் லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், "பாட்டுதாம்மா, பாட்டுதான்! யாரும் ஓடாதீங்க!" என்று கூவிக்கொண்டே நடந்தான். புஷ்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, போ என்று தலையை அசைத்தாள். அவன் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வழக்கம்போல இருமி முடித்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னான்: "டாக்டர் சீட்டுக்குக் கெடைக்காத வேலை திருடன்னு பேரு வாங்குனதும் கெடைச்சிடுச்சேண்ணா. தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே ரெண்டு மூட்டை அள்ளியிருக்கலாம்."

என் கையால் செய்த சாமான்களிலேயே, எந்தக் காரியத்துக்காகச் செய்தேனோ அதில் முழுக்கத் தோற்று ஒரு மனிதனைக் குழியிலிருந்து மேலே தூக்கிவந்தது அந்த ஒரு பெட்டிதான். அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய நான் இத்தனை வருஷம் கழித்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.